கோழிக்குப் பத்தியம்

எங்கள் பக்கத்தில் யாரையாவது வழியில் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பதெல்லாம் அப்புறம்தான். முதலில், "என்ன இப்படி எளச்சுப் போயிட்டீங்க?" என்று கேட்டாக வேண்டும். கேட்கப்படுகிறவர் ஷேர் ஆட்டோவின் பின் சீட்டை ஒற்றை ஆளாக நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருந்தால் என்ன? கேட்பது மரியாதை. "எங்கங்க, அப்படியேதான் இருக்கேன்" என்று அவர் கூச்சப்படுவது பதில் மரியாதை. மாற்றி, "கொஞ்சம் சதை போட்டுட்டீங்க போல" என்று யாராவது சொல்லித் தொலைத்துவிட்டால் போச்சு. கண் வைத்துவிட்டார்கள் என்று அன்று சாயங்காலமே அந்த வீட்டு அடுப்பில் மிளகாயும் உப்பும் வெடிக்கும்.

இது நெல் விளைகிற பூமி. மெலிந்த மாடு, மெலிந்த நாய், மெலிந்த மருமகள் எதுவானாலும் அந்த வீட்டுக்குத்தான் கெட்ட பெயர். பத்தாயம் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு ஒரு வாயில்லாத ஜீவனைக் காயப் போடுகிறார்கள் பார் என்பார்கள். இப்பேர்ப்பட்ட ஊரில் நான் கோழிகளுக்குப் பத்தியம் வைத்தேன். சும்மா இருந்த சங்கை நானேதான் எடுத்து ஊதினேன், ஒப்புக்கொள்கிறேன்.

நிலம் என் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. வீடு மாமனார் கட்டியது. டிராக்டர் பங்காளிகளோடு பொது. பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை கிடைத்ததும் சென்னையில் ஒன்று, பெங்களூரில் ஒன்று என்று போய்ச் சேர்ந்தார்கள். இந்த வீட்டில் என்னுடையது என்று நான் விரல் நீட்டிக் காட்ட ஏதாவது உண்டென்றால் அது கொல்லையில் இருந்த பத்துப் பன்னிரண்டு கோழிகள்தான். குஞ்சாக வாங்கி, பல்பு எரியவிட்டுச் சூடு காட்டி, கீரியோடும் காக்கையோடும் மல்லுக்கு நின்று ஆளாக்கிய கோழிகள். முட்டைக்கென்றே உள்ள ஜாதி. அடை உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிற பழக்கமெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. முட்டையைப் போடும், இரண்டு கொக்கரிப்பு கொக்கரிக்கும், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். அந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வாரத்துக்கு ஒரு தடவை கூத்தாநல்லூரிலிருந்து ஓர் அம்மா ஸ்கூட்டியில் வந்து முட்டைகளை வாங்கிப் போவார். அவர் வாசலில் நின்று "கோழிக்கார அக்கா!" என்று கூப்பிடுவார். அதுவரைக்கும் நான் இன்னார் சம்சாரம், இன்னார் அம்மா, இன்னாருடைய தம்பி பெண்டாட்டி. எனக்கே எனக்கென்று யாரோ வைத்த முதல் பெயர் அது. அந்தக் குரல் கேட்டால், அடுப்பில் பால் பொங்கினாலும் சரியென்று ஓடுவேன்.

ஆவணியில் முட்டை குறைய ஆரம்பித்தது. கூடை கொண்டு போன இடத்துக்கு வெறும் கையோடு போனால் போதும் என்று ஆனது. பிறகு அந்தக் கையும் வெறுமனே திரும்பியது. கோழிகள் மட்டும் ஒன்றும் குறையவில்லை. கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி முடித்து எழுந்து வருகிற சம்பந்திகளைப் போல ஆடி அசைந்து நடந்தன. பார்த்தவர்கள் எல்லாரும், "அடேயப்பா, என்ன வளத்தி! கண்ணே பட்டுடும்" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முட்டை வராததற்கு மட்டும்தான் காரணம் தெரியவில்லை.

"பாம்பு குடிச்சிட்டுப் போவுது" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எதற்கும் பாம்புதான். போர் மோட்டார் ஓடாவிட்டாலும் ஸ்டார்ட்டருக்குள் பாம்பு போயிருக்கும் என்பார்.

என் நாத்தனாருக்கு வேறு கருத்து. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். கணவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது, ஒரே மகன் கனடாவில். தினமும் காலையில் டிபன் கேரியரும் கையுமாக வந்துவிடுவார். நல்ல உயரம், அகன்ற தோள். மொடமொடவென்று கஞ்சி போட்ட நூல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் படியேறினால் வாசலே அடைபட்டதுபோல் இருக்கும். கேரியரின் மேல் தட்டு தம்பிக்கு, அடித் தட்டு கோழிக்கு. "நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க அண்ணி" என்றால், "நான் சாப்பிட்டுட்டுதாம்மா வந்தேன்" என்று தம்பி சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தம்பி முடித்ததும் கொல்லைக்குப் போய்க் கோழி சாப்பிடுவதைப் பார்ப்பார்.

அவர்தான் தீர்ப்பு சொன்னார். "முட்டை வுடாத கோழிக்குத் தீனி எதுக்கு? கொழுத்துக் கெடக்கு ஒவ்வொண்ணும். தீபாவளிக்கு என் மவன் வர்றான். வரிசையா அடிச்சுடலாம்."

"அது என் கோழி அண்ணி."

"யாரு கோழியா இருந்தா என்ன, கொழம்பு ஒண்ணுதானே? அந்தச் சாம்பக் கோழிதான் எல்லாத்துலயும் குண்டு. அது மொதல்ல."

"அக்கா சொல்றதும் ஞாயம்தானே" என்றார் வீட்டுக்காரர். கோழிக் கொட்டகை காலியானால் பவர் டில்லரை அங்கே விடலாம் என்று அவருக்குள் ஒரு கணக்கு. அது எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நல்ல வேளை, புரட்டாசி பிறந்துவிட்டது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது, முட்டைகூட உள்ளே வராது. பெருமாள் புண்ணியத்தில் என் கோழிகளுக்கு ஒரு மாதம் வாய்தா கிடைத்தது. ஐப்பசி பிறந்த அன்றே வந்து பிடித்துப் போவேன் என்று நாத்தனார் சொல்லிவிட்டார். அதற்குள் அவை முட்டை வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கோழியும் போச்சு, கோழிக்கார அக்காவும் போச்சு.

மாடுகளுக்குக் கோமாரி ஊசி போட ஊருக்கு வந்த கால்நடை டாக்டரம்மாவை, ஒரு காபி சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்லி வீட்டுக்கு இழுத்து வந்தேன். என் பெண் வயதுதான் இருக்கும். கொல்லைக்குக் கூட்டிப் போய், "நல்லாதானே இருக்கு டாக்டர்? பாருங்க, எப்படி இருக்குன்னு" என்றேன். அவர் பார்க்கவே இல்லை. கைக்கு அகப்பட்ட ஒரு கோழியைப் பிடித்து, இறக்கைகளைக் கக்கத்தில் அணைத்துக்கொண்டு, நெஞ்சுக்கு அடியில் இறகுக்குள் விரலை விட்டார். விட்ட விரல் வெகுநேரம் எதையோ தேடியது.

"அம்மா, இது கோழியா, தலகாணியா?"

"ஏன் டாக்டர் அப்படிச் சொல்றீங்க?"

"நெஞ்செலும்பையே காணும். என்னம்மா குடுக்கறீங்க?"

நான் வரிசையாகச் சொன்னேன். காலையில் பழைய சோறு. நாத்தனார் கொண்டுவருகிற இட்லி, பொங்கல், சேவை. மத்தியானம் குருணை. சாயங்காலம் ஒரு படி நெல். நடுவில் போகிற வருகிறவர்கள் ஆசையாகப் போடுவது. இது போகத் தீவனமும் உண்டு. டாக்டரம்மா காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"வயித்துக்குள்ள பூரா கொழுப்பு. முட்டை உருவாக எடம் எங்க இருக்கு? நீங்க கண்ணால பாக்காதீங்கம்மா. எறகு பொய் சொல்லும். கையால பாருங்க." என் கையைப் பிடித்து இறகுக்குள் வைத்தார். "நடு நெஞ்சுல நீளமா ஒரு எலும்பு ஓடும். அது கத்தி மாதிரி குத்துனா கோழி மெலிஞ்சு போச்சுன்னு அர்த்தம். இப்படித் தடவித் தேடணும்னா கொழுத்துப் போச்சு. எலும்பும் தெரியணும், ரெண்டு பக்கமும் சதையும் தெரியணும். அதுதான் சரி."

பிறகு பத்தியம் சொன்னார். சோறு, நெல், பலகாரம் எல்லாவற்றையும் படிப்படியாக நிறுத்த வேண்டும். முட்டைக்கோழித் தீவனம் மட்டும் அளவாக. கீரை நிறைய. ஓட்டுக்குக் கிளிஞ்சல் தூள். ஓடியாட இடம். பட்டினி போடக் கூடாது, மெதுவாகத்தான் இறக்க வேண்டும். வாரம் ஒருமுறை காலையில் தீனிக்கு முன்னால் எடை பார்க்க வேண்டும், இரை நிறைந்த பிறகு பார்த்தால் எடை ஏமாற்றும். "ஒவ்வொண்ணையும் தனித்தனியா தொட்டுப் பாருங்கம்மா. மொத்தமா பாத்தா ஒண்ணுமே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெற்களஞ்சியத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டு சோற்றை நிறுத்து என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார், வானம் இடிந்து விழவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்று அந்தி சாய்ந்து கோழிகள் கொட்டகையில் அடைந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினேன். எல்லாம் தலையணைதான். கடைசியாக அந்தச் சாம்பல் கோழியை எடுத்தேன். நாத்தனார் முதல் பலியாகக் குறித்து வைத்திருந்ததே, உடம்பெல்லாம் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து மாதிரி நிற்குமே, அதுதான். தூக்கியபோதே கையில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது. இறகுக்குள் விரலை விட்டேன். சுருக்கென்று எலும்பு குத்தியது. இரண்டு பக்கமும் சதையே இல்லை. அடிப்பாவி, இவ்வளவு நாளும் வெறும் இறகைத்தான் வளர்த்துக்கொண்டிருந்தாயா என்று அதனிடமே கேட்டேன். மறுநாள் கவனித்தபோது விஷயம் புரிந்தது. தட்டைச் சுற்றி மற்றதெல்லாம் அடித்துக்கொண்டு தின்னும்போது இது ஒதுங்கி நின்றது. எல்லாம் முடிந்த பிறகு வந்து காலித் தட்டைக் கொத்தியது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். பூச்சி மருந்து கொடுங்கள், தனியாக வைத்துப் போடுங்கள் என்றார்.

ஆக, கொழுத்தவர்களுக்குப் பத்தியம், இளைத்தவளுக்குத் தனிப் பந்தி என்று ஏற்பாடு செய்தேன். ஊர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், கோழிகளை எல்லாம் காயப்போட்டுவிட்டு இருப்பதிலேயே குண்டானதை மட்டும் கூடைக்குள் உட்கார வைத்து உபசாரம் செய்கிறாள் என்று தெரிந்தது.

"உனக்குப் புத்தி கித்தி பெசகிப் போச்சா?" என்றார் நாத்தனார்.

"நீங்க ஒரு தடவை தொட்டுப் பாருங்க அண்ணி. உள்ள ஒண்ணுமே இல்ல."

"தொட்டுப் பாக்க நான் என்ன டாக்டரா? எனக்குக் கண்ணு இருக்குதுல்ல?"

அதே வாரம் இன்னொரு கூத்து. என் வீட்டுக்காரரைச் சர்க்கரைக்காகத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த டாக்டர் அவரைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்துவிட்டார். சோற்றைப் பாதியாகக் குறையுங்கள், காலையில் கேழ்வரகுக் கஞ்சி, சாயங்காலம் நடை என்றார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியில் இவர் டாக்டர் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். மன்னார்குடி தாண்டியதும், "ஏன், கோழிக்குக் குடுத்த சீட்டையே இவனும் குடுத்துருக்கான்?" என்றார். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே வீட்டில் இரண்டு பத்தியம். கொல்லையில் என் கோழிகள், கூடத்தில் என் வீட்டுக்காரர். எடை பார்க்கப் பிள்ளைகள் எப்போதோ வாங்கிப் போட்ட மெஷின் ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஏறி நிற்கிற மெஷின். கோழி ஏறி நிற்குமா? கைக்குழந்தைக்குச் செய்கிற மாதிரி, இவர் தனியாக ஒரு தடவை, கோழியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை என்று நின்றால் கழித்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். மனிதர் உடனே சம்மதித்தார். அந்தச் சம்மதத்தை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் வாரம் பார்த்தோம். இரண்டாம் வாரம் பார்த்தோம். முள் மேலேதான் போனது.

"கோழி ஏறியிருக்கு" என்றார், வெடைக்கோழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

"கோழியக் கீழ வுடுங்க. இப்ப நில்லுங்க."

விட்டார். முள் இறங்கவே இல்லை என்று சொல்லலாம்.

"மெஷின் பழசு" என்றார்.

மெஷின் பழசுதான், ஆனால் பொய் சொல்லத் தெரியாதது. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மறுநாள் காலை குளிக்கப் போவதுபோல் போய், கிணற்றடி வாழை மறைவில் நின்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் கேழ்வரகுக் கஞ்சிக் கிண்ணத்தோடு கொல்லைக்கு வந்தார். இப்படியும் அப்படியும் பார்த்தார். கஞ்சியைக் கோழித் தட்டில் கவிழ்த்தார். அவர் பத்தியத்தை என் கோழிகள் பாய்ந்து பாய்ந்து தின்றன. அவர் கூடத்துக்குத் திரும்பிப் போய், அக்கா கொண்டுவந்த கேரியரைத் திறந்து நெய் ஒழுகுகிற பொங்கலைச் சாப்பிட உட்கார்ந்தார். எதிரே நாத்தனார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் நடுவில் நின்றேன்.

"நல்லாருக்கு! அக்காவும் தம்பியுமா சேந்து என் கோழிய அடிக்கறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

"அவன் கொலப்பட்டினி கெடக்கணுமா? மூஞ்சியப் பாரு, எப்படி எளச்சுப் போச்சு" என்றார் நாத்தனார். மூஞ்சியைப் பார்த்தேன். முழுநிலா மாதிரி இருந்தது.

"நாளையிலேருந்து கேரியர் வேணாம் அண்ணி."

அவர் சண்டைக்கு வருவார் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். அவர் வரவில்லை. "கொண்டாராம நான் என்னத்தப் பண்றது?" என்று மட்டும் கேட்டார். என்ன கேள்வி இது என்று எரிச்சலாக வந்தது. மறுநாளும் கேரியரோடு வந்தார். அடித் தட்டை நான் வாங்கி மூடி உள்ளே வைத்துவிட்டேன். "நீங்களாவது சாப்பிடுங்க" என்றதற்கு, "நான் சாப்பிட்டுட்டுதாம்மா வந்தேன்."

இத்தனைக்கும் மேல் குறுவை அறுப்பு வந்து சேர்ந்தது. புரட்டாசியில் எங்கள் ஊரைப் பார்க்க வேண்டுமே. அறுப்பு மெஷின் சத்தம் ஓயாது. தார்ச் சாலையில் பாதி நெல், மீதி இடத்தில் பஸ். எல்லாரும் நெல்லைக் கையில் அள்ளி, பல்லில் கடித்து, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊரே எடையையும் ஈரத்தையும் பேசுகிற மாதம். அந்த மாதத்தில் நான் வேலியோரம் குச்சியோடு நின்று, கோழி ரோட்டுக்குப் போகாமல் காவல் காத்தேன். வாசலுக்கு நேரே பொன்னாகக் காய்கிற நெல். உள்ளே கீரையைக் கொத்திக்கொண்டு அதைப் பார்க்கிற கோழிகள். எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

"ஏங்க, அதுங்க ரெண்டு நெல்லு பொறுக்குனா எனக்கு ஒண்ணும் கொறஞ்சுடாதுங்க. அவுத்து வுடுங்க" என்றார் நெல் காயப்போட்டிருந்தவர், பெருந்தன்மையாக.

"அதுக்கு ஒடம்பு சரியில்லங்க."

"பட்டினி போட்டா எப்படிங்க சரியாவும்?"

டீக்கடையில் பேச்சாகிவிட்டது. அந்த வீட்டில் கோழிக்கே அரை வயிறுதானாம், மனுஷாளுக்கு என்ன கதியோ என்றார்கள். ஒரு சொந்தக்காரர் விசாரிக்க வந்தார், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு. என்னிடம் பேசிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பொரியை எடுத்துக் கொல்லைப் பக்கம் தூவினார். நான் விளக்குமாற்றை எடுத்து அவர் கண்ணெதிரே பொரியைக் கூட்டி அள்ளினேன். அன்றைக்கு ஊரில் என் பெயர் கெட்டது கெட்டதுதான். கோழி பிழைக்கட்டும், என் பெயர் எப்படியும் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

மாதம் நகர நகர என் விரலுக்குச் செய்தி வர ஆரம்பித்தது. தலையணைக்குள் எலும்பு தட்டுப்பட்டது. முதலில் பூட்டிய அறைக்குள் யாரோ நடப்பதுபோல் மங்கலாக, பிறகு நன்றாகவே. கோழிகளின் நடையும் மாறியது. வேலிவரை ஓடின, சண்டை போட்டன, ஒன்று தாழ்வாரத்துக் கூரைமேல் ஏறி நின்று என்னைப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்தது. கூடைக்குள் தனிப் பந்தி சாப்பிட்ட சாம்பல் கோழிக்கும் எலும்பின் இரண்டு பக்கமும் மெல்லச் சதை பிடித்தது. பருப்புக்கு உப்புப் பார்ப்பதுபோல, அந்தி சாய்ந்தால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டே இது இன்ன கோழி என்று சொல்ல முடிந்தது.

முட்டை மட்டும் வரவில்லை. புரட்டாசி கடைசிச் சனிக்கிழமையும் போனது. பெருமாளுக்கு மாவிளக்குப் போட்டுவிட்டு, கூட்டத்தில் நின்று, என் கோழி முட்டை வைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த மாதத்தில் பெருமாளிடம் முட்டை கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐப்பசி பிறந்தது. விடிந்ததும் விடியாததுமாகக் கொட்டகைக்குப் போனேன். வைக்கோலுக்குள் கையை விட்டேன். சூடாக ஒன்று. பக்கத்துப் பானையில் இன்னொன்று. கூடையைத் தூக்கினேன், சாம்பல் கோழிக்கு அடியிலும் ஒன்று. "ஏங்க!" என்று நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடி வந்தார். முட்டைகளைப் பார்த்ததும் கம்பைக் கீழே போட்டார். பவர் டில்லர் மழையில்தான் நிற்கப்போகிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

சொன்ன சொல் தவறாமல் நாத்தனாரும் வந்து சேர்ந்தார். கையில் கேரியர் இல்லை, வெறும் பை. நேரே கொல்லைக்கு நடந்தார். முட்டைகளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாத்தீங்களா அண்ணி? சாம்பக் கோழிகூட வுட்டுருக்கு. இனிமே ஒண்ணையும் தொடக் கூடாது."

"மூணு முட்டைக்கு இந்த ஆட்டமா? தீபாவளிக்கு ஒரு கோழி. அவ்வளவுதான். அந்தக் குண்டு மட்டும்."

"அது குண்டு இல்லன்னு எத்தனை தடவை சொல்றது?"

அவர் கேட்டால்தானே? குனிந்து சாம்பல் கோழியைக் கூடையிலிருந்து எடுத்தார். எடுத்த விதம் சரியில்லை. இறக்கை ஒன்று விடுபட்டு அவர் முகத்தில் படபடவென்று அடித்தது. ராத்திரி பெய்த மழையில் கொல்லை சேறாகக் கிடந்தது. அவர் கால் வழுக்கியது. நான் முட்டைகளை எங்கே போட்டேன் என்று தெரியாது, பின்னாலிருந்து அவரை இரண்டு கையாலும் விலாவோடு சேர்த்துப் பிடித்துவிட்டேன்.

பெரிய உருவமாயிற்றே, என்னையும் சேர்த்துச் சாய்க்கப்போகிறார் என்றுதான் காலை ஊன்றினேன். அவர் சாயவில்லை. கையில் கனமே இல்லை. மொடமொடத்த புடவை என் பிடியில் அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே போனது. உள்ளே போய் என் விரல் எலும்பில் நின்றது. ஒவ்வொரு விலாவும் தனித்தனியாக இருந்தது. ஒரு மாதமாக அதே வேலையைச் செய்துகொண்டிருந்த விரல்கள். நான் கேட்காமலே அவை எனக்குச் சொல்லிவிட்டன. சதையே இல்லை.

நான் கையை எடுக்கவில்லை. "அண்ணி, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"வுடுடி. ஆளு பாத்தா சிரிக்கப் போறாங்க."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"என்னமோ சாப்பிட்டேன். இட்லி."

"எத்தனை?"

அவர் கசங்கிய முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் புரியவில்லை அவருக்கு. "அக்காவுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"வாயை மூடுங்க. உங்களுக்கும் கண்ணு மட்டும்தான் இருக்குது" என்றேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை நாளும் எங்கள் வாசலுக்கு வந்து "சாப்பிட்டுட்டுதாம்மா வந்தேன்" என்று சொல்லிச் சொல்லி எங்களை ஏமாற்றியிருக்கிறாரே என்று கோபம். "மவன் வர்றப்ப இந்த எலும்பக் காட்டுறதுக்கா விருந்து?"

"அவன் எங்கடி வர்றான்? லீவு இல்லையாம். பொங்கலுக்குப் பாக்கலாம்னுட்டான்."

"எப்பச் சொன்னான்?"

"அது ஆச்சு கொஞ்ச நாளு."

"அப்புறம் யாருக்குக் கோழி?"

அவர் கையிலிருந்து நழுவிய சாம்பல் கோழி சேற்றில் நின்று இறகை உதறிக்கொண்டிருந்தது. நாத்தனார் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு ஆளுக்கு எப்படிடி ஆக்குறது? ஒலையில கொஞ்சமா அரிசி போட்டா மனசு கேக்கல. நெறைய போட்டு வடிச்சா, தட்டு முன்னாடி ஒத்தையா உக்காந்தா எறங்க மாட்டேங்குது. யாராவது சாப்பிடறதப் பாத்தா பரவால்ல. நீயும் கேரியர் கொண்டாராதன்னுட்ட."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் உட்கார வைத்தேன். கோழிக்குப் போட்ட மருந்தை மனுஷிக்கும் போட முடியாது என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. இளைத்த கோழியைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியாக வைத்துப் போட வேண்டும். இவரை அப்படித் தனியாக வைத்ததுதான் வினை. இவருக்குக் கூட்டம்தான் பத்தியம். ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்க்க நாளைக்குத் தஞ்சாவூர் போகிறோம், அது வேறு கதை, இப்போது சாப்பாடு என்றேன்.

"இனிமே அங்க ஒலை கிடையாது அண்ணி. மூணு வேளையும் இங்கதான். கேரியரக் கொண்டாங்க, ராத்திரிக்குக் கட்டித் தர்றேன்னுகூடச் சொல்ல மாட்டேன். ராத்திரியும் இங்க வந்து உக்காரணும்."

"ஊருல என்ன பேசுவாங்க?"

"கோழியப் பட்டினி போட்டவ, நாத்தனாரக் கொழுக்க வச்சான்னு பேசட்டும்."

நேற்றுச் சோறு இருந்தது. சுட வைத்தேன். கத்தரிக்காய்க் கொத்சு இருந்தது. கொல்லையில் போட்ட முட்டைகளைத் தேடிப் போனேன். இரண்டு உடைந்து சேறோடு சேறாகியிருந்தன. சாம்பல் கோழியின் முட்டை மட்டும் கீரைப் பாத்தியில் விழுந்து முழுசாகக் கிடந்தது. கழுவி எடுத்து வந்து, மிளகுத்தூள் தூவி நல்லெண்ணெயில் பொரித்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு என் வீட்டுக்குள் வந்த முதல் முட்டை. அந்த வாசனைக்கு என் வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் தட்டில் கஞ்சிக் கிண்ணத்தை வைத்தேன். முட்டையை நாத்தனாரின் தட்டில் வைத்தேன். நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் அந்த நேரத்துக்கு நான் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது.

நாத்தனார் முதல் வாயை எடுத்து, என் முகத்தைப் பார்த்து, மெல்லாமல் வைத்திருந்தார். நான் சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கஞ்சியைக் குடித்தார், கொட்டுவதற்கு வழி இல்லை. அப்புறம்தான் நாத்தனாரின் தாடை அசைந்தது. ஒரு வாய், இரண்டு வாய். முட்டையைக் கிள்ளிச் சோற்றோடு பிசைந்தார். பாதி சாப்பிட்டதும் அவருக்குப் பழைய குரல் வந்துவிட்டது.

"என்னடி, இப்படி எளச்சுப் போயிட்ட?" என்றார் என்னைப் பார்த்து.

எங்கள் ஊர் மரியாதைப்படி நான் இல்லை அண்ணி, அப்படியேதான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

"ஆமா அண்ணி" என்றேன். "நீங்களும்தான்."

அவர் தலை குனிந்துகொண்டார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னுங் கொஞ்சம் சோறு வையி."